பெர்செர்க் படிக்க வருகிறவர்களுக்கு: எதில் தொடங்குவது, எதை எப்போது பார்ப்பது

பெர்செர்க் பக்கம் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கிருந்து தொடங்குவது? குழப்பம் நியாயமானது. 1989-இல் தொடங்கி இன்னும் முடியாத மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. அதை வைத்து 1997-இல் ஒரு டிவி தொடர், 2012-13-இல் மூன்று படங்கள், 2016-17-இல் இன்னொரு டிவி தொடர், 2022-இல் அந்தப் படங்களையே எபிசோடுகளாகப் பிரித்து ஒரு புதுப் பதிப்பு என்று வந்திருக்கின்றன. இதில் பாதிக்கு மேல் கதையின் ஒரே பகுதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எதைப் பார்த்தால் எது மிச்சம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒழிய தெரியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மங்காவின் முதல் தொகுதியில் தொடங்குங்கள், வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். குறைந்தது 14-ஆம் தொகுதியின் நடுப்பகுதி வரை அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பக்கம் போக வேண்டாம். ஏன் என்பதை வழியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

இது பெரியவர்களுக்கான கதை. இந்த ஒரு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தம், துண்டிக்கப்படும் உடல்கள் என்பதோடு நிற்காது. பாலியல் வன்முறை கதையின் மையத்திலேயே இருக்கிறது. நாயகன் கட்ஸின் சிறுவயதிலேயே அது வருகிறது, பொற்காலம் எனப்படும் கதைப்பகுதியின் முடிவில் இன்னும் கொடூரமாக வருகிறது. குழந்தைகளும் தப்புவதில்லை. படித்து முடித்த பிறகும் மனதை விட்டு அகலாத பக்கங்கள் இவை. இந்த விஷயங்கள் உங்களைக் காயப்படுத்தும் என்றால் படிக்காமல் விடுவதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு. அட்டையைப் பார்த்துச் சாதாரண வாள்சண்டைக் கதை என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

அடுத்தது ஸ்பாய்லர். கதையின் மிகப் பெரிய திருப்பம் முப்பது வருடங்களாக இணையம் முழுக்கக் கிடக்கிறது. பாத்திரங்களின் பெயரைத் தேடினாலே முதல் வரியில் எல்லாம் போய்விடும். கிரிஃபித், காஸ்கா என்ற இரண்டு பெயர்களையும் 14-ஆம் தொகுதி வரை எங்கும் தட்டித் தேடாதீர்கள். இந்தக் கட்டுரையிலும் அந்தத் திருப்பம் என்ன என்பதைச் சொல்லப்போவதில்லை.

எப்படி வெளிவந்தது

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் படிக்கும்போது வரும் பல சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும்.

பெர்செர்க்கை எழுதி வரைந்த கென்டாரோ மியூரா 1966-இல் பிறந்தவர். 1988-இல் பெர்செர்க்கின் முன்னோட்டமாக ஒரு தனிக்கதை வரைந்து பரிசும் வாங்கினார். அடுத்த வருடம் ஹாகுசென்ஷா பதிப்பகத்தின் மன்த்லி அனிமல் ஹவுஸ் இதழில் தொடர் ஆரம்பித்தது. முதல் தொகுதி 1990 நவம்பரில் புத்தகமாக வந்தது. 1992-இல் அனிமல் ஹவுஸ் நின்று, அதன் இடத்தில் மாதம் இருமுறை வரும் யங் அனிமல் வந்தது. தொடர் அங்கே போனதும் அத்தியாய எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. மியூராவின் கடைசி அத்தியாயத்தை 364-ஆம் அத்தியாயம் என்று சொல்லும்போது முதல் 16 அத்தியாயங்கள் கணக்கில் வராததற்குக் காரணம் இதுதான். புத்தகத்தில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம்.

தொண்ணூறுகளில் கதை வேகமாக ஓடியது. அதன் பிறகு மியூராவின் ஓவியம் நுணுக்கத்தில் ஏற ஏற, இதழில் இடைவெளிகளும் நீண்டுகொண்டே போயின. ஒரு கவசத்தின் ஒவ்வொரு கணுவையும், ஒரு போர்க்களத்தின் பின்வரிசையில் நிற்கும் வீரனின் முகத்தையும் விடாமல் வரைகிறவர் அவர். கட்ஸும் கூட்டாளிகளும் கப்பலேறிக் கடலில் போகும் பகுதி இதழில் பல ஆண்டுகள் இழுத்தது; அப்போது காத்திருந்த வாசகர்கள் இன்றும் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அதே பகுதியை ஒரு வாரயிறுதியில் படித்துவிடலாம், அப்படிப் படிக்கும்போது அது இழுவையாகத் தெரிவதும் இல்லை.

எந்தப் பதிப்பு

ஜப்பானிய மொழி தெரியாத நமக்கு ஆங்கிலப் பதிப்புதான் வழி. அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2003-இலிருந்து அதை வெளியிடுகிறது. ஒன்று, ஜப்பானிய அளவிலேயே வரும் சாதாரணத் தனித் தொகுதிகள். இன்னொன்று, 2019-இலிருந்து வரும் டீலக்ஸ் பதிப்பு: கறுப்பு நிறக் கெட்டி அட்டை, பெரிய பக்கம், ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்று தொகுதிகள் (14-ஆவதில் மட்டும் இரண்டு). 14 டீலக்ஸ் புத்தகங்கள் வாங்கினால் 41-ஆம் தொகுதி வரை கையில் இருக்கும்.

முடிந்தால் டீலக்ஸ் வாங்குங்கள் என்பேன். பக்கம் பெரிதாக இருப்பது வெறும் அலங்காரத்துக்கு இல்லை. மியூரா இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே ஓவியமாக வரைந்த இடங்கள் ஏராளம். சின்னப் புத்தகத்தில் அவற்றின் நடுப்பகுதி தையலுக்குள் போய்விடும், பேனாக் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஆனால் விலை அதிகம், எடையும் அதிகம். படுத்துக்கொண்டு கையில் தூக்கிப் படிக்க முடியாது. மேஜையோ மடியோ வேண்டும். காசு இடிக்கிறது என்றால் தனித் தொகுதியோ டிஜிட்டல் பதிப்போ போதும். போனில் மட்டும் வேண்டாம், டேப்லட்டிலாவது படியுங்கள்.

வாங்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். பொற்காலப் பகுதி 14-ஆம் தொகுதிக்குள்தான் முடிகிறது, அதாவது டீலக்ஸ் ஐந்தாம் புத்தகத்தின் நடுவில். நான்கோடு நிறுத்திவிட்டு அடுத்த மாதச் சம்பளத்தில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், 12-ஆம் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கதையில் நிறுத்தவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆகவே நான்காவதை வாங்கும்போதே ஐந்தாவதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதற்குப் பின் ஏழாம் புத்தகத்தின் முடிவில், அதாவது 21-ஆம் தொகுதியோடு, நல்ல நிறுத்தம் ஒன்று வருகிறது. அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

மங்காவே இதுதான் முதல் முறை என்றால்: நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் முன்னட்டை. பக்கத்தின் வலது மேல் மூலையில் தொடங்கி இடதுபக்கமாகப் படிக்க வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் வலதுபக்கம் இருப்பவர் பேசுவது முதலில். சில பக்கங்கள் தடுமாறும், அப்புறம் கண் தானாகப் பழகிவிடும்.

முதல் மூன்று தொகுதிகள்

நிறையப் பேர் புத்தகத்தைக் கீழே வைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருப்பு வாள்வீரன் என்று அழைக்கப்படும் இந்தத் தொடக்கப் பகுதியில் கட்ஸுக்கு ஒரு கண் இல்லை. இடது கை இருந்த இடத்தில் பீரங்கி ஒளித்த இரும்புக் கை. முதுகில் ஆள் உயர வாள். யாரோடும் அன்பாகப் பேசுவதில்லை, தன்னை ஒட்டிக்கொண்டு வரும் பக் என்ற குட்டித் தேவதையையும் விரட்டிக்கொண்டே இருக்கிறான். அவன் ஏன் இப்படி ஆனான் என்று கதை சொல்வதில்லை. ஓவியமும் இன்னும் முதிரவில்லை. முகங்களில் அந்தக் காலத்து ஆக்‌ஷன் மங்காக்களின் சாயல் தெரியும்.

இதனால்தான், நேராக மூன்றாம் தொகுதியின் கடைசியில் தொடங்கும் பொற்காலப் பகுதிக்குப் போங்கள், அது காலவரிசைப்படி முந்தையது, அதுதான் நல்ல பகுதி என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பொற்காலம் என்பது முழுக்க ஒரு பின்கதை. அதில் இளைஞன் கட்ஸ் சிரிக்கும் ஒவ்வொரு முறையும், இவன் என்ன ஆகப்போகிறான் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு வலிக்கும். மியூரா தொடக்கத்தை இப்படி வைத்ததன் பலன் முழுவதும் அங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாம் தொகுதியில் ஒரு இடத்தில் நின்று பாருங்கள். கட்ஸ் வேறொரு உலகத்துக்குள் இழுக்கப்படும் காட்சி அது. மேலும் கீழும் இல்லாத படிக்கட்டுகள், ஒன்றின் அடிப்பாகம் இன்னொன்றின் தரையாக இருக்கும் மண்டபங்கள். டச்சு ஓவியர் எஷரின் படங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு உடனே பிடிபடும். இதற்கு முந்தைய பக்கங்களில் கோடு கரடுமுரடாக இருந்ததை மறந்துவிடுவோம். இவர் எங்கே போகப்போகிறார் என்பதற்கான முதல் அடையாளம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பொற்காலம்

இங்கே நான் சொல்ல அதிகம் இல்லை. கதையே உங்களை இழுத்துக்கொண்டு போகும். கூலிப் படைவீரனாக வளர்ந்த கட்ஸ், பருந்துப் படையின் தலைவன் கிரிஃபித்திடம் தோற்று அவன் படையில் சேர்கிறான். அந்தப் படையின் பெண் தளபதி காஸ்கா. மூவருக்கும் இடையில் நட்பு, பொறாமை, ஆசை எல்லாம் மெல்ல மெல்ல உருவாகின்றன. பேய் பிசாசு இல்லாத இடைக்கால ஐரோப்பியப் போர்க்கதை போலவே பெரும்பகுதி நகரும். ஒன்று மட்டும்: 10-ஆம் தொகுதி தாண்டினால் அடுத்த நாள் லீவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வைக்க மனம் வராது, முடித்ததும் உடனே வேறு வேலை பார்க்கவும் ஓடாது.

இப்போது அனிமே

பொற்காலத்தைப் படித்து முடித்தாகிவிட்டதா? சரி, 1997 தொடரைப் போடுங்கள். ஓ.எல்.எம். ஸ்டூடியோ தயாரிப்பு, நவோஹிதோ தகாஹாஷி இயக்கம், 25 எபிசோடுகள். 1997 அக்டோபரிலிருந்து 1998 மார்ச் வரை நிப்பான் டிவியில் ஓடியது. பட்ஜெட் குறைவு என்பது கண்ணுக்குத் தெரியும். பல சண்டைகள் அசையாத ஓவியத்தின் மேல் கேமரா நகர்வதோடு முடிந்துவிடும். ஆனாலும் எல்லா அனிமே வடிவங்களிலும் எனக்கு இதுதான் முதலிடம். மனிதர்கள் பேசிக்கொள்ளும் காட்சிகளுக்கு இது நேரம் கொடுக்கிறது. சுசுமு ஹிராசாவாவின் இசை இன்னொரு காரணம். அமைதியான காட்சிகளில் ஒலிக்கும் கட்ஸின் மெட்டை ஒருமுறை கேட்டால் அதன் பிறகு மங்கா படிக்கும்போதும் அதுவே காதில் ஓடும்.

இதை முதலில் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் முடிவு. தொடர் மங்காவின் 13-ஆம் தொகுதி அளவில், உச்சத்தின் நடுவிலேயே, சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எடுக்கவே இல்லை. பக் இதில் கிடையாது. கதையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் இன்னொரு முக்கியப் பாத்திரமும் கிடையாது. மங்கா படிக்காமல் இதை மட்டும் பார்த்தவர்கள் கடைசி எபிசோடுக்குப் பிறகு திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். படித்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஸ்டூடியோ 4°சி எடுத்த மூன்று படங்களும் இதே பொற்காலத்தைத்தான் சொல்கின்றன. இயக்கம் தோஷியுகி குபோவோகா. முதல் இரண்டு 2012-லும் மூன்றாவது 2013 பிப்ரவரியிலும் வந்தன. முதல் படத்தில் போர்க்களக் காட்சிகளின் கணினி வரைகலை உறுத்தும். மூன்றாவது படத்தின் இறுதிப் பகுதி காட்சியாக மிக வலுவானது. ஆனால் பத்துத் தொகுதிகளுக்கு மேல் உள்ள கதையை மூன்று படங்களில் அடைத்ததில் பாத்திரங்களின் நெருக்கம் அடிபட்டுவிட்டது.

அதற்கு நல்ல உதாரணம் நெருப்புக் காட்சி. இரவு. கட்ஸும் காஸ்காவும் உயரமான ஓரிடத்தில் நிற்கிறார்கள். கீழே பருந்துப் படையின் முகாமில் அங்கங்கே தீ எரிகிறது. ஒவ்வொரு தீயும் ஒருவனுடைய சின்னக் கனவு, எல்லோரும் தங்கள் தீயைக் கொண்டுவந்து கிரிஃபித் என்ற பெருநெருப்பில் போட்டிருக்கிறார்கள், தன்னுடைய தீ மட்டும் அதில் இல்லை என்கிற மாதிரி கட்ஸ் பேசுவான். அவன் அடுத்து எடுக்கும் முடிவு மொத்தமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. படங்களில் இந்தக் காட்சி இல்லை. அது இல்லாமல் பார்த்தால், ஏன் இவன் இப்படிச் செய்கிறான் என்று தோன்றும்.

2022 அக்டோபரில் மெமோரியல் எடிஷன் என்ற பெயரில் படங்களை 13 எபிசோடுகளாக்கி ஒளிபரப்பியபோது, புதிதாக எடுத்துச் சேர்த்த காட்சிகளில் இந்த நெருப்புக் காட்சியும் வந்தது. ஆகவே படங்களா மெமோரியல் எடிஷனா என்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். இரண்டையும் பார்க்க அவசியமே இல்லை.

14-க்குப் பிறகு

இங்கிருந்து மங்கா மட்டும்தான் நம்பகமான துணை. 14 முதல் 21 வரை கண்டனத் தீர்ப்பின் பகுதி. மத விசாரணைகளும் பஞ்சமும் பேய்களும் கலந்த, என் பார்வையில் தொடரிலேயே இருண்ட பகுதி இது. அதன் தொடக்கத்தில் 14 முதல் 16 வரை தொலைந்த குழந்தைகளைப் பற்றிய ஒரு கதை வருகிறது. தவறவிடாதீர்கள். பழிவாங்கும் வெறி கட்ஸை எந்த அளவுக்கு மாற்றிவிட்டது என்பதை இந்தக் கதை நேருக்கு நேர் காட்டுகிறது. 22 முதல் 35 வரை ஆயிரமாண்டுப் பேரரசின் பருந்து. கட்ஸுக்குப் புதுக் கூட்டாளிகள் கிடைப்பதும் தலைப்பில் இருக்கும் பெர்செர்க்கர் கவசம் வருவதும் இங்கேதான். அதன் பின் ஃபேண்டசியா.

2016-17 டிவி தொடர் இந்தப் பகுதிகளைத்தான் தொட்டது. இயக்கம் ஷின் இதாகாகி, மொத்தம் 24 எபிசோடுகள், இரண்டு சீசன்கள். 14-க்குப் பிந்தைய கதையை அனிமேயாக எடுத்தது இது ஒன்றுதான் என்பதால் அதன் மேல் எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. கிடைத்தது கனமே இல்லாத முப்பரிமாண உருவங்களும், காரணமில்லாமல் சுற்றும் கேமராவும். தொலைந்த குழந்தைகள் கதையை அடியோடு விட்டுவிட்டார்கள். ஹிராசாவாவின் பாடல்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தனியாகக் கேளுங்கள். இந்தத் தொடரில் தொடங்கி பெர்செர்க்கையே ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மங்காவை முழுக்கப் படித்த பிறகு ஆர்வம் இருந்தால் மட்டும் எட்டிப் பாருங்கள்.

364-க்கு முன், 364-க்குப் பின்

2021 மே 6-ஆம் தேதி மியூரா பெருந்தமனிக் கிழிவால் இறந்தார். வயது 54. இரண்டு வாரம் கழித்துத்தான் பதிப்பகம் செய்தியை வெளியிட்டது. அந்த நாட்களில் ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற இணைய வீடியோ விளையாட்டுக்குள் கருப்புக் கவசமும் பெரிய வாளும் ஏந்திய வீரர்கள் தெருவின் இருபுறமும் வரிசையாக நின்று அஞ்சலி செலுத்தினார்கள். டார்க் சோல்ஸ் போன்ற வீடியோ விளையாட்டுகளை விரும்புகிறவர்களுக்கு அவருடைய பாதிப்பு எங்கே தெரிகிறது என்று தெரியும்.

அவர் வரைந்திருந்த 364-ஆம் அத்தியாயம் அந்த செப்டம்பரில் யங் அனிமல் இதழில் வந்தது. டிசம்பரில் அதை உள்ளடக்கி 41-ஆம் தொகுதி வந்தது. எல்லாம் அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2022 ஜூனில் தொடர் மறுபடி வந்தது. மியூராவின் பள்ளிக்கால நண்பரும் மங்கா ஓவியருமான கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவிடம் உதவியாளர்களாக இருந்த ஸ்டூடியோ காகா குழுவினர் வரைகிறார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பொற்காலத்தின் உச்சத்தை எப்படி வரைவது என்று திணறிய நாட்களில், மியூரா தன்னிடம் கதையை முடிவு வரைக்கும் சொல்லியிருந்தார் என்று மோரி எழுதினார். அவர் சொன்னதை மட்டுமே எழுதுவேன், நினைவில் தெளிவாக இல்லாததைச் சேர்க்க மாட்டேன், என் கற்பனையால் நிரப்ப மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார்.

படிக்கும்போது வித்தியாசம் தெரியும். ஓவியம் ஆச்சரியப்படும்படி நெருக்கமாக இருக்கிறது; காட்சிகள் நகரும் விதம்தான் மாறியிருக்கிறது. மியூரா ஒரு பார்வைக்கு மூன்று கட்டம் ஒதுக்குகிற இடத்தில் இவர்கள் ஒன்றோடு நகர்ந்துவிடுகிறார்கள். சொன்னதை மட்டுமே எழுதுவேன் என்ற வாக்கைக் காப்பாற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2023 செப்டம்பரில் ஜப்பானில் வந்த 42-ஆம் தொகுதி முழுக்க இந்தக் குழுவின் வேலை. 41-ஐ முடித்ததும் உடனே 42-க்குத் தாவாமல் சில நாள் விட்டுப் படியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், கதை உள்ளே இறங்காது. 364-ஓடு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்த முடிவையும் நான் மதிக்கிறேன். நான் தொடர்ந்து படிக்கிறேன்.

மிச்சம் மீதி

83-ஆம் அத்தியாயம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இதழில் வந்த பிறகு, கதையின் எல்லையை அது சீக்கிரமே வெளிப்படுத்திவிடுகிறது என்று மியூராவே தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார். 13-ஆம் தொகுதியில் வந்திருக்க வேண்டியது. இணையத்தில் அதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஆசிரியர் வேண்டாம் என்றதை முதல் வாசிப்பில் தேடிப் போகாதீர்கள்.

1988-இன் முன்னோட்டக் கதை 14-ஆம் தொகுதியின் கடைசியில் இருக்கிறது. அதில் வரும் சில விவரங்கள் தொடரோடு பொருந்தாது, அதைத் தனிக்கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மகோதோ ஃபுகாமி எழுதி மியூரா படம் வரைந்த ஒரு நாவலும் 2017-இல் வந்தது. கிரன்பெல்ட் என்ற வீரனின் முன்கதை. அவன் மங்காவில் யார் என்று தெரிந்த பிறகு படித்தால்தான் சுவை. விளையாட்டுகளில் எளிதாகக் கிடைப்பது ஒமேகா ஃபோர்ஸ் உருவாக்கி 2016-இல் ஜப்பானில் வெளியான பேண்ட் ஆஃப் தி ஹாக். கூட்டம் கூட்டமாக வரும் எதிரிகளைக் கட்ஸின் வாளால் வெட்டித் தள்ளுவதுதான் முழு விளையாட்டும். கதைக்காக அதை வாங்க வேண்டாம். பொற்காலத்தைத் தாண்டியும் போகிறது என்பதால், மங்காவில் அந்த இடங்களைக் கடந்த பிறகே ஆடுங்கள்.